கிடாயும் வான்கோழியும்

ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி முடித்து, பம்பாயின் ஆண்டாப் ஹில்லில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்த செல்வமேரி, வாசலில் ஓர் ஆட்டுக்கிடா கட்டிக் கிடப்பதைப் பார்த்தாள். கழுத்தில் ஜரிகைத் தாள் சுற்றி, கொம்பு இரண்டிலும் சிவப்பு ரிப்பன் கட்டி, மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் தயாரானது போல அது நின்றது. முந்தின நாள் அவள் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போன படி முழுவதும் புழுக்கையும் மூத்திரமுமாக இருந்தது. நிலைவாசலில் அவள் ஒட்டித் தொங்கவிட்டிருந்த காகித நட்சத்திரத்தில் பாதியைக் காணோம். மீதிப் பாதியை நோக்கிக் கிடா கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் கிறிஸ்மஸ்.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் கிடாயைத் தாண்டி உள்ளே போனாள். அப்பா சவரிமுத்து கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாஸரில் டீயை ஊற்றி உறிஞ்சிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும், மனைவி மதலேனம்மாள் மஞ்சள்காமாலையில் போனதும் ஒரே வருஷத்தில். அன்றிலிருந்து மகள் வீட்டில்தான் இருக்கிறார்.

"பாத்தியாட்டி கிடாய?" என்றார். "பெரியவன் கொண்டாந்து கட்டிட்டுப் போயிருக்கான். கல்யாண் சந்தைக்கே போயி பாத்துப் புடிச்சானாம்."

"இத யாரு கழுவுதது? யாரு சமைக்கது?"

"நீ இருக்கியேட்டி," என்றார் அப்பா, சாஸரைக் கவிழ்த்து வைத்தபடி.

செல்வமேரி எளிதில் அருவருப்புப்படுகிற பெண் இல்லை. சீழும் ரத்தமும் மலமும் அவளுக்குத் தினசரி வேலை. அழுகின காலைக் கழுவிவிட்டு வந்து அடுத்த நிமிஷம் டிபன் பெட்டியைத் திறந்து சாப்பிடுவாள். அவளுக்குக் குமட்டிக்கொண்டு வருவது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். அண்ணன் இன்னாசிமுத்துவும் தம்பி ஞானசீலனும் ஒரே அறையில் இருப்பதுதான் அது.

இன்னாசிமுத்துவுக்குத் தாராவியில் தோல் பட்டறை. பையும் சூட்கேசும் தைத்து விற்கிறான். ஞானசீலன் கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க், முலுண்டில் பிளாட்டில் குடியிருக்கிறான். சிறுவயதில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவனும் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிடுவான். அண்ணன் தட்டில் விழுந்த மீன்துண்டைத் தம்பி விரலால் அளப்பான். அம்மா இருந்தவரை அகப்பைக் காம்பால் இரண்டு பேர் முட்டியிலும் ஒரே மாதிரி போடுவாள். அவள் போனபின் அகப்பையைத் தூக்க ஆளில்லை. அண்ணன் ரேடியோ வாங்கினால் தம்பி அதைவிட ஒரு சாண் நீளமான ரேடியோ வாங்கினான். கோயில் திருநாளில் தம்பி மைக்கைப் பிடித்தால் அண்ணன் கொடிமரத்துக்குத் தோல் உறை தைத்துக் கொடுத்து, உறையில் தன் பெயரைப் பொறித்தான்.

செல்வமேரிக்கு முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகாததற்குக் காரணமும் இதுதான். பெரியவன் தூத்துக்குடியிலிருந்து ஒரு வாத்தியாரைக் கொண்டுவந்தான். அவர் குடும்பத்தில் காசநோய் உண்டு என்று சின்னவன் கண்டுபிடித்தான். சின்னவன் ரயில்வேயில் இருந்த ஒருவரைக் கூட்டிவந்தான். நடக்கும்போது அவருக்கு இடது தோள் இறங்குகிறது என்று பெரியவன் சொன்னான். பிறகு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த ஒருவர் தாமாகவே வந்து பெண் கேட்டார். செல்வமேரிக்கு அவரைப் பிடித்திருந்தது. அண்ணனும் தம்பியும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றுசேர்ந்து அவரை வேண்டாம் என்றார்கள். அவரை இரண்டு பேரில் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதைத் தவிர அவரிடம் வேறு குறை இல்லை.

இந்த வருஷம் எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தவர் அப்பாதான். நவம்பரில் கல்லறைத் திருநாளன்று அம்மாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நிற்கும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"எனக்கும் வயசாயிட்டு. கடசிக் காலத்த ஒரு மவன் வீட்டுல கழிக்கணும்னு ஆச. யாரு வீடுன்னு கிறிஸ்மஸ் அன்னைக்குச் சாப்பாட்டுல வச்சுச் சொல்லுதேன்."

பக்கத்தில் தீப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற செல்வமேரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வீட்டில் ஒரே வரத்து. பெரியவன் கைக்கடிகாரம் வாங்கி வந்தான். அடுத்த வாரம் சின்னவன் அதைவிடப் பெரிய கைக்கடிகாரம் வாங்கி வந்தான். அப்பா இரண்டு மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய் வந்தார். பெரியவனிடம், "சின்னவனுக்கு ஆபீஸ் பவுசு. மனசு உனக்குத்தான்ல இருக்கு," என்பார். சின்னவன் வந்தால், "பெரியவன் தோலோட கெடந்து மனசும் தோலாப் போச்சு. நீதான்யா எனக்கு," என்பார். அடுப்பங்கரையில் நின்று இரண்டையும் கேட்கிற செல்வமேரிக்குத் தோசைமாவு கூட நாறுவதுபோல இருக்கும்.

அவளிடமும் ஒரு செய்தி இருந்தது. உல்லாஸ்நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் இன்சார்ஜ் சிஸ்டர் வேலைக்கு மேட்ரன் அவள் பெயரைச் சொல்லியிருந்தார். தங்குவதற்கு ஒற்றை அறை தருவார்கள். பண்டிகை முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும். அவள் இன்னும் முடிவு செய்யவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் ஞானசீலன் டாக்சியில் வந்து இறங்கினான். ஒரு கையில் கூடை, தோளில் பெல்ட் போட்ட கறுப்புப் பெட்டி. வாசலில் கிடாயைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"அண்ணன் வேலையாக்கும். சுத்த கண்ட்ரி," என்றான். கூடையின் மூடியைத் திறந்தான். உள்ளேயிருந்து ஒரு வழுக்கைத் தலை எழும்பியது. அலகின் மேலிருந்து வெந்த தோல் மாதிரி ஒரு சிவப்புச் சதை தொங்கி ஆடியது.

"இது என்னல, மயிலா?" என்று அப்பா கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"டர்க்கிப்பா. வான்கோழி. லண்டன்ல கிறிஸ்மஸ்னா இதுதான். கிராபர்ட் மார்க்கெட்ல முன்கூட்டியே சொல்லிவச்சு வாங்கினேன். எங்க மானேஜர் வீட்டுல வருஷா வருஷம் இதான் செய்வாங்க."

"ஏலே ஞானம், இத எப்படிச் சமைக்கதுன்னு உங்க மானேஜரு சொன்னாரா?" என்று செல்வமேரி கேட்டாள்.

"நீ பாத்துச் செய்யேன்க்கா. கோழி மாதிரிதான்."

வான்கோழியைக் கட்ட வேறு இடமில்லாமல் மோரியில், அவள் குளிக்கிற மூலையில், கட்டினார்கள். அங்கே கொடியில் அவளுடைய வெள்ளை யூனிபாரம் காய்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது வெள்ளையாக இல்லை. வாசலில் கிடா கத்த, மோரியில் வான்கோழி பதில் சொல்ல, பக்கத்து அறை நூர் நிஷா எட்டிப் பார்த்தாள். அவள் மேலப்பாளையத்துக்காரி, ஊர்ப்பேச்சு பேச ஆள் வேண்டும் என்று செல்வமேரியோடு ஒட்டிக்கொண்டவள்.

"மேரியக்கா, நாளைக்கு யான வருமா?" என்று கேட்டாள்.

செல்வமேரி சிரிக்கவில்லை. அவளுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. படுக்கலாம் என்று பார்த்தால் பாயில் இறகு கிடந்தது.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் நூர் நிஷாவின் புருஷன் நாகூர் மீரான் கத்தியோடு வந்து, முதலில் கிடாயையும் பிறகு வான்கோழியையும் அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். இரண்டு குடும்பமும் பட்டுச்சேலை, சென்ட், பவுடரோடு வந்து சேர்ந்தது. பெரியவன் மனைவி ரோஸியும் சின்னவன் மனைவி ஸ்டெல்லாவும் அறைக்குள் எதிரெதிராக உட்கார்ந்து விசிறிக்கொண்டார்கள். "என்ன நாத்தம்க்கா," என்று ஸ்டெல்லா மூக்கில் கைக்குட்டையை வைத்தாள். எழுந்து ஒரு தட்டுக் கழுவ இரண்டு பேரில் ஒருத்திக்கும் உடம்பு வளையவில்லை. ஒருத்தி எழுந்தால் மற்றவள் உட்கார்ந்திருப்பாளே என்ற கவலை.

குடலும் இரைப்பையும் செல்வமேரி பங்கு. வெயிலில் குத்தவைத்து உட்கார்ந்து, கிடாயின் இரைப்பையை அறுத்து உதறினாள். பச்சைச் சாணிக்குழம்பு முழங்கைவரை வழிந்தது. அதில் அவளுடைய நட்சத்திரத்தின் சிவப்புத் தாளும் ஊறிக் கிடந்தது. பக்கத்து வாளியில் வெந்நீரில் முக்கிய வான்கோழி. ஈர இறகும் சூடான கொழுப்பும் கலந்த வாடை தொண்டையில் போய் ஒட்டியது. அவள் தலைக்கு மேலே நின்று அண்ணனும் தம்பியும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். இருந்தது ஒரே ஸ்டவ்வும் ஒரு கரி அடுப்பும்.

"கிடாக்கறிதான் முதல்ல ஸ்டவ்ல ஏறணும். ஈரல அப்பா சூடா சாப்பிடணும்," என்றான் இன்னாசிமுத்து. அவன் கையில் சைக்கிள் டியூப் ஒன்று பாம்பு போலச் சுருண்டிருந்தது. மதுவிலக்கு ஊரில் போலீசுக்குத் தெரியாமல் சாராயம் அப்படித்தான் வரும். ரப்பரும் சாராயமும் சேர்ந்து நாறியது.

"டர்க்கி வேக நேரமாகும். அதுக்குத்தான் ஸ்டவ் வேணும்," என்றான் ஞானசீலன். அவன் தன் மானேஜரின் பர்மிட்டில் வாங்கிய பீர் பாட்டில்களைக் கிணற்றில் இறக்குவது மாதிரி அவளுடைய குடிதண்ணீர்ப் பானைக்குள் இறக்கி வைத்திருந்தான். "எங்ககிட்ட எல்லாம் பர்மிட்தான். டியூப் எல்லாம் கிடையாது."

"பர்மிட்டு உனக்கால கொடுத்தான்? எவனோ பார்சிக்காரன் பர்மிட்டு."

"ரெண்டு பேரும் அங்கிட்டுப் போறியளா," என்றாள் செல்வமேரி. "இதுல தண்ணி தெறிக்கும்."

தண்ணீர் என்று மரியாதைக்குச் சொன்னாள்.

கடைசியில் எந்தப் பாத்திரத்திலும் அடங்காத வான்கோழிக்கு நூர் நிஷா தன் வீட்டுப் பிரியாணி தேக்சாவைக் கொடுத்தாள். அரிசிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன் கெடுபிடி நடந்த வருஷம் அது. பாகிஸ்தான் சண்டை முடிந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. கேக்குக்கு என்று செல்வமேரி சேர்த்துவைத்திருந்த சர்க்கரையை ஸ்டெல்லா "டர்க்கிக்கு ஸாஸ்" என்று ஒரு சட்டியில் கொட்டிக் கருக்கி வைத்திருந்தாள்.

கறி வேகும் நேரத்தில் ஞானசீலன் கறுப்புப் பெட்டியைத் திறந்தான். உள்ளே சாவி கொடுத்து ஓட்டுகிற சினிமா காமிரா. அதுவும் மானேஜருடையது. "அப்பாவ வச்சு கிறிஸ்மஸ் படம் எடுக்கப்போறேன். பின்னால வரப்போற பிள்ளைகளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்," என்று அந்த வரிசை வீட்டுச் சாலில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். அப்பாவை முடுக்கின் முனைக்கு அனுப்பி, அங்கிருந்து நடந்துவரச் சொன்னான். காமிராவை ஸ்டெல்லா கையில் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று அப்பாவைக் கட்டிப்பிடித்து, கையைப் பிடித்துப் படியேற்றி, அவர் நெற்றியில் முத்தமும் கொடுத்தான்.

"இன்னொரு தடவ நடந்து வாங்கப்பா," என்றான் இன்னாசிமுத்து. "மூத்தவன் நான் இருக்கேன்லா."

அப்பா மறுபடி முடுக்கு முனைக்குப் போனார். மறுபடி நடந்து வந்தார். இன்னாசிமுத்து அவரைக் கட்டிப்பிடித்ததோடு நில்லாமல் குனிந்து செருப்பையும் கழற்றிவிட்டான். உடனே ஞானசீலன், தான் செருப்பைக் கழற்றாதது படத்தில் குறையாகத் தெரியும் என்று மூன்றாம் தடவை நடக்க வைத்தான். நான்காவது தடவை யாரும் சொல்லாமலே அப்பா முடுக்கு முனைக்குப் போய், இரண்டு கடிகாரமும் தெரியக் கையை வீசிக்கொண்டு வந்தார். சாலில் இருந்தவர்கள் மாடிப்படியில் உட்கார்ந்து கைகொட்டிச் சிரித்தார்கள். நாடகம் தோற்றது போ என்று செல்வமேரிக்குத் தோன்றியது. குடல் வாளியைக் கொட்டுவதற்காக அவள் எழுந்து வாசலைக் கடந்தாள்.

"ஏட்டி, நீ ஒதுங்கு," என்று இன்னாசிமுத்து கத்தினான்.

"ஆமாக்கா, ப்ரேம்ல வராத. அசிங்கமா விழும்," என்றான் ஞானசீலன்.

அன்று முழுவதும் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

சாப்பாட்டுக்கு அப்பாவை நடுவில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வலதுபக்கம் பெரியவன் ஈரலையும் நெஞ்செலும்பையும் போட்டான். இடதுபக்கம் சின்னவன் வான்கோழித் தொடையை முழுசாக வைத்தான். அது வேகவே இல்லை. மேலே கருகிய சர்க்கரை வழிந்தது.

"ஈரல் எப்படிப்பா?"

"நல்லாருக்குய்யா."

"டர்க்கி?"

"அதுவும் நல்லாருக்கு."

"எது ரொம்ப நல்லாருக்கு?"

அப்பா சிரித்தார். ஒரு வாய் இங்கே, ஒரு வாய் அங்கே. பெரியவன் டம்ளரில் ஊற்றினால் அதையும் குடித்தார், சின்னவன் ஊற்றினால் அதையும் குடித்தார். கடைவாயில் எண்ணெய் வழிந்து தாடையில் நின்றது. தட்டில் காலி இடம் தெரிந்த மாத்திரத்தில் இரண்டு கரண்டிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. செல்வமேரி எதிரே சோற்றுத்தட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு பருக்கை உள்ளே இறங்கவில்லை. அப்பாவின் வாய் திறந்து மூடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று அந்த வாய் நின்றது. அப்பாவின் கண் பெரிதானது. அடுத்த கணம் சட்டையிலும் நாற்காலியிலும் பாயிலும் வான்கோழித் தட்டிலும் எல்லாம் திரும்பி வந்தது.

இன்னாசிமுத்து வேட்டியைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் பாய்ந்தான். ஞானசீலன் காமிராவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள்.

"ஏட்டி மேரி."

"அக்கா."

அவள் எழுந்து போனாள். அப்பாவின் தலையைத் தாங்கி, முதுகைத் தடவி, வாயில் விரல் விட்டு மிச்சத்தை எடுத்தாள். பல் இல்லாத மனிதர், மெல்ல முடியாத துண்டுகளை முழுசு முழுசாக விழுங்கியிருந்தார். மோரிக்கு அழைத்துப் போய்க் குளிப்பாட்டி, வேறு வேட்டி கட்டிவிட்டுக் கட்டிலில் படுக்கவைத்தாள். பிறகு சாம்பலும் துணியும் எடுத்துவந்து தரையைத் துடைத்தாள். அதெல்லாம் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. கை கழுவிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோதுதான் குமட்டியது. மூலையில் பாயைத் திருப்பிப் போட்டு, அண்ணனும் தம்பியும் மறுபடி சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்ப சொல்லுங்கப்பா," என்றான் இன்னாசிமுத்து, எலும்பை உறிஞ்சிக்கொண்டே. "யாரு வீடு?"

அப்பா வெளுத்த முகத்தோடு தலையணையில் சாய்ந்து, தொண்டையைச் செருமினார். அந்த நிலையிலும் அவர் முகத்தில் ஒரு குஷி வந்தது. "என் முடிவு என்னன்னா…"

"ஒரு நிமிஷம்," என்றாள் செல்வமேரி. "அப்பா சொல்லதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லிருதேன். எனக்கு உல்லாஸ்நகர்ல வேல கெடச்சிருக்கு. புது வருஷம் பொறந்ததும் போறேன். அங்க ஒத்த ரூம்தான். இந்த வீட்டக் காலி பண்ணப்போறேன்."

அதைச் சொல்லும்வரை, போவதாக முடிவு செய்துவிட்டோம் என்பது அவளுக்கே தெரியாது.

ரோஸிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப மாமாவ யாரு பாக்கது?"

"அதத்தான மதினி அப்பா இப்ப சொல்லப்போறாவ," என்றாள் செல்வமேரி. வார்டை ஒப்படைத்துவிட்டுப் போகிற சிஸ்டர் போல நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனாள். "யாரு கூட்டிட்டுப் போனாலும் கேட்டுக்கிடுங்க. ராத்திரி அடிக்கடி எழும்பணும், கை புடிச்சுக் கூட்டிட்டுப் போணும். சில நாள் எழும்ப முடியாம பாயிலேயே போயிரும். காலையில அலசிப் போட்டாத்தான் நாறாது. மூச்சு எரைச்சா முதுக நீவிவிடணும். சோறு கொழைய வடிக்கணும். பல்லில்ல."

எலும்பு உறிஞ்சும் சத்தம் நின்றிருந்தது.

"யோசிச்சுப் பாத்தா," என்று இன்னாசிமுத்து மெல்ல ஆரம்பித்தான், "ஞானம் வீடுதாம்ப்பா உங்களுக்குச் சரிப்படும். வீட்டுக்குள்ளயே கக்கூசு. குழாயத் தொறந்தா தண்ணி. நான் மூத்தவன், பொய் சொல்லப்பிடாது. தம்பி வீடு தம்பி வீடுதான்."

ஞானசீலன் தட்டைத் தள்ளிவைத்தான். "அதெப்படிண்ணே. மூத்த பிள்ளை நீங்க. அந்த உரிமைய நான் எடுத்துக்கிடுறது நியாயமில்ல. அதோட எங்க பிளாட் மாடியில. அப்பாவால படி ஏற முடியுமா? உங்க வீடு தரையோட தரை."

"தரையோட தரைதான். ஆனா தோல் நாத்தம்லா. அப்பாவுக்கு மூச்சு எரைப்பு வேற."

"அதெல்லாம் உடம்புக்கு நல்லதுன்னு சொல்றாங்கண்ணே. மதினி கைப்பக்குவம் வேற யாருக்கு வரும்?"

"ஸ்டெல்லா படிச்ச பொண்ணு. மருந்து மாத்திர பாத்துக் குடுக்கும்," என்றாள் ரோஸி. அவள் ஸ்டெல்லாவைப் புகழ்ந்து செல்வமேரி கேட்டது அதுவே முதல் தடவை.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இடித்துக்கொண்ட இரண்டு கரண்டிகளும் இப்போது அப்பாவை ஒருவர் தட்டிலிருந்து மற்றவர் தட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தன. அண்ணன் தம்பியின் பெருந்தன்மையைச் சொன்னான். தம்பி அண்ணனின் தியாகத்தைச் சொன்னான். ஒருவனுடைய கண்ணில் தண்ணீர்கூட வந்தது. வாழ்நாளெல்லாம் ஒருவனுக்கொருவன் விட்டுக்கொடுக்காதவர்கள் தகப்பனைத்தான் விட்டுக்கொடுத்தார்கள். செல்வமேரி சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். இந்த இரண்டு பேருக்கும் சோறு போட்டு, சட்டை துவைத்து, காய்ச்சலில் நெற்றிக்கு ஈரத்துணி போட்டது தன் கைதான் என்று நினைத்தபோது அந்தக் கையையே இன்னொரு தடவை கழுவ வேண்டும்போல இருந்தது.

"சரி, எதுக்கு வாதம்," என்றான் ஞானசீலன். ஜேபியிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தான். "டாஸ் போட்டுருவோம். பூ விழுந்தா நீங்க, தலை விழுந்தா நான். பேச்சு மாறப்பிடாது."

நாணயம் மேலே போய், சிமெண்டில் விழுந்து, உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. இரண்டு பேரும் குனிந்தார்கள். அப்பாதான் முந்திக்கொண்டார். கட்டிலிலிருந்து நழுவி இறங்கி, தரையில் கையை ஊன்றி, அதை எடுத்துப் பார்த்தார். யாருக்கும் காட்டாமல் மடியில் முடிந்துகொண்டார்.

"பெரியவன் வீட்டுக்குப் போறேன்," என்றார். "அங்கன பேச்சுத்தொணைக்கு நம்ம ஊரு ஆளுவ இருக்கு."

ஞானசீலன் முகத்தில் ஒரு நிம்மதி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது மாதிரிப் பரவியது. ஜெயித்த இன்னாசிமுத்துவும் சிரிக்க முயன்றான். முடியவில்லை. அரை மணி நேரத்தில் இரண்டு குடும்பமும் கிளம்பிவிட்டது. வான்கோழி மிச்சத்தைக் கொண்டுபோக யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

எல்லாரும் போனபின் அப்பா அவளைக் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"நான் எங்கயும் போறதா இல்லட்டி, உங்கூடத்தான் இருப்பேன்னு சொல்ல வாயெடுத்தேன். நீ அதுக்குள்ள…"

"அப்ப எதுக்குப்பா இந்தக் கூத்து?"

"அப்படிச் சொன்னாத்தான வாரானுவ. அம்மா செத்த பொறவு எத்தன கிறிஸ்மஸ் நீயும் நானும் மட்டும் இருந்தோம். ஒருத்தன் எட்டிப் பாத்தானா?"

அது உண்மைதான். செல்வமேரிக்கு ஒரு கணம் மனசு இளகியது. அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அவனுவ வரணும்னு ரெண்டு மாசமா என்னக் குப்ப அள்ள வச்சியளே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா?"

"உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்றார் அப்பா, உண்மையிலேயே புரியாமல். "நீ எங்க போயிரப்போற?"

அவள் எழுந்து கொண்டாள். இளகினது அத்தனையும் கெட்டியாகிவிட்டது. அன்று சாயங்காலமே போய் மேட்ரனிடம் பதில் சொன்னாள்.

புது வருஷம் பிறந்ததும் அப்பா தாராவிக்கும், அவள் உல்லாஸ்நகருக்கும் போனார்கள். நூர் நிஷா பஸ் ஸ்டாப்புவரை வந்து, அழுதுகொண்டே பெட்டியைத் தூக்கிவிட்டாள். முதல் இரண்டு வாரம் அப்பாவை நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு இறங்கியது.

அப்பா நாசமாகிப் போகவில்லை. நடந்தது வேறு. இன்னாசிமுத்து ஒவ்வொரு ஞாயிறும் அவரைப் பூசைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தான். பூசை முடிந்து வெளியே நின்று, "பெத்தவர வச்சுப் பாக்க ஒரு மனசு வேணும்லா. எல்லாராலயும் முடியுமா," என்று தம்பியின் சிநேகிதர்கள் காதில் விழும்படி பேசினான். அது முலுண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. தவக்காலம் முடிவதற்குள் ஞானசீலன் டாக்சி வைத்து வந்து, அண்ணனோடு நடுத்தெருவில் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டு, அப்பாவை மாடிக்குத் தூக்கிப்போனான். புது மெத்தை வாங்கிப் போட்டான். அலசிப்போட ஓர் ஆளை வைத்தான்.

ஈஸ்டர் அன்று செல்வமேரி அப்பாவைப் பார்க்க முலுண்டுக்குப் போனாள். கன்னம் உப்பி, எண்ணெய் தேய்த்த தலையோடு, மெத்தையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். வேலை எப்படி, சாப்பாடு எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. ஸ்டெல்லா டீ எடுக்க உள்ளே போனதும் கையைப் பிடித்து இழுத்துக் காதோரம் சொன்னார்.

"பெரியவன் நேத்து வந்தான். அவன் வீட்டுக்குத் திரும்பி வந்தா தனி ரூம் கட்டித் தாரானாம். யோசிச்சுச் சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன்." அவர் கண் பளபளத்தது. "இதச் சின்னவன்கிட்ட எப்பச் சொல்லலாம்னு நெனைக்க?"

செல்வமேரி அவர் கையிலிருந்து தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். டீ வந்தது. ஆடை படிந்து, இனிப்பு திகட்டுகிற டீ. ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். டூட்டி இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினாள். டூட்டி இல்லை.

ஸ்டேஷனுக்கு வருகிறவரை வாயெல்லாம் கசந்தது. உல்லாஸ்நகர் வழியாகப் போகிற அம்பர்நாத் வண்டிக்கு நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் ஒருவன் பெரிய வாணலியில் உருளைக்கிழங்கு வைத்த பட்டாட்டா வடா போட்டுக்கொண்டிருந்தான். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு வாங்கி, பொரித்த பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டாள். காரத்தில் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வந்தது. வடா சுடச்சுட, உப்பும் உறைப்பும் சரியாக, ரொம்ப நன்றாக இருந்தது. வண்டி வருகிற சத்தம் கேட்டபோது அவள் மூன்றாவதற்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.